ஒரு வீடு, ஒரு தறி, ஒரு போன்: காஞ்சிபுரம் நெசவாளர் பிள்ளைகளின் ஆன்லைன் கல்லூரிக் காலம்

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்தில் கால் வைக்க இடமில்லை. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்தி வரதரைத் தரிசிக்க, 48 நாள்களில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் வந்து குவிந்தார்கள். பட்டுக்கடைகள் நிறைந்த காந்தி ரோட்டில் மூச்சுவிட நேரமில்லாத வியாபாரம்.

ஏழே மாதங்கள்தான். 2020 மார்ச் முதல் வாரத்தில் தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று உறுதியானது, வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்கு. மார்ச் 17-ம் தேதி பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25-ம் தேதி நாடே வீட்டுக்குள் போனது. கோயில் வாசல்களில் சங்கிலி, கடைத்தெருவில் போலீஸ் தடுப்பு.

கோயில் மணி ஓய்ந்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பிள்ளையார்பாளையம், ஓரிக்கை, முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை எனத் தறி உள்ள தெருக்களில் இன்னொரு சத்தமும் ஓய்ந்திருந்தது. அந்த வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள், தறி நின்ற அதே அறையில் இருந்தபடிதான் அடுத்த ஒன்றரை ஆண்டுகளில் பெரும்பகுதியைப் படித்தாக வேண்டியிருந்தது. அவர்களுக்கு என்ன ஆனது என்பதைத் திரும்பிப் பார்ப்பது இன்றும் அவசியம். ஏனென்றால், ஆன்லைன் வகுப்பு கொரோனாவோடு போய்விடவில்லை.

ஒரே அறை, இரண்டு வேலை

காஞ்சிபுரத்துக்குக் கல்வி புதிதல்ல. பல்லவர் காலத்தில் இங்கிருந்த ‘கடிகை’ என்ற உயர்கல்விக் கூடத்துக்கு, பின்னாளில் கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் படிக்க வந்ததைக் கர்நாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. இன்றைக்குப் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி, மகளிர் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி, ஏனாத்தூரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எனப் படிக்க இடங்கள் உண்டு. பக்கத்தில் செய்யாற்றில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி. உத்திரமேரூர், வாலாஜாபாத், வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பஸ் ஏறி வந்து படிக்கிறார்கள்.

இவர்களில் கணிசமானவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். 2019-20-ம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயதுக்குட்பட்டோரில் உயர்கல்வியில் சேர்ந்தோரின் விகிதம் தமிழ்நாட்டில் 51.4 சதவிகிதம். இந்திய சராசரி 27.1 தான். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். மற்ற மாநிலங்களில் கல்லூரி வாசலையே பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே வகுப்பறைக்குள் வந்திருந்தார்கள். இது தமிழ்நாட்டின் சாதனை. கொரோனாவில் முதலில் அடிவாங்கியதும் இந்தச் சாதனைதான்.

நெசவாளர் வீடு எப்படி இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வாசலைத் தாண்டியதும் வருகிற பெரிய அறைதான் தறிக்கூடம். தரையில் குழிவெட்டி அமைத்த தறி, அதன் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, அட்டைகள், இழுத்துக் கட்டிய பாவு என அறையின் பெரும்பகுதியைத் தறியே எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் இடத்தில் சமையலும் படுக்கையும். தனி அறை, மேசை, கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நெய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்த அறையில் உட்கார்ந்துதான் ‘மைக்கை ஆன் பண்ணிப் பேசுங்க’ என்ற பேராசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கல்யாணம் நின்றால் ரீசார்ஜும் நிற்கும்

காஞ்சிப் பட்டு, கல்யாணத்தை நம்பிய தொழில். ஊரடங்கில் திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றது அரசு. பலர் முகூர்த்தத்தைத் தள்ளிவைத்தார்கள். நடந்த கல்யாணங்களிலும் உறவுக்கெல்லாம் பட்டு எடுக்கும் வழக்கம் குறைந்தது. கடையில் சேலை போகவில்லை என்றால் முதலாளி புதுப் பாவு தரமாட்டார். கூட்டுறவு சங்கத்திலும் இருப்பு தேங்கினால் அதே கதைதான்.

இன்னொரு பக்கம், கச்சாப் பொருளும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்கு சூரத். லாரி ஓடாத நாள்களில் கையிலிருந்த நூல் தீர்ந்ததும் தறி நின்றது.

ஒரு பட்டுச்சேலை நெய்ய, ரகத்தைப் பொறுத்து 10 நாளிலிருந்து 20 நாள் வரை ஆகும். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. மாதச் சம்பளம் என்பதே இல்லாததால், பாவு ஏறாத மாதத்தில் வருமானமும் இல்லை. 2019-20-ல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் 66 சதவிகிதத்துக்கும் மேல் மாதம் 5,000 ரூபாய்க்குக் குறைவாகவே சம்பாதிப்பதாகச் சொன்னது. பட்டு நெசவில் கூலி இதைவிடக் கூடுதல்தான். ஆனால் மாதக்கணக்கில் தறி நின்றால் பட்டென்ன, பருத்தியென்ன?

அரிசி ரேஷன் அட்டைக்கு அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. அதில் அரிசி, மளிகை, மருந்து. போன் எங்கிருந்து வாங்குவது?

வேடிக்கையைப் பாருங்கள். செல்போனுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தது 2020 ஏப்ரல் 1-ம் தேதி. நாடு பூட்டப்பட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முந்தைய டிசம்பரில்தான் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ஆகிய மூன்றும் கட்டணத்தை 40 சதவிகிதம் வரை ஏற்றியிருந்தன. செல்போன் கடைகளும் சர்வீஸ் கடைகளும் பூட்டிக்கிடந்தன. ஆன்லைனில் ஆர்டர் போடவும் முதல் சில வாரங்களுக்கு வழியில்லை, அத்தியாவசியப் பொருள்களுக்கு மட்டும்தான் அனுமதி. உடைந்த திரையோடு இருந்த போன்தான் அப்போது கல்லூரி.

ஒன்றரை ஜி.பி. எத்தனை மணி வரை?

கணக்குப் போட்டுப் பார்த்தால் சங்கடம் புரியும். அன்றைக்கு 28 நாளுக்குத் தினமும் 1.5 ஜி.பி. தரும் திட்டத்துக்கு 200 முதல் 250 ரூபாய் வரை ஆனது. ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்கு அரை ஜி.பி.க்கு மேல் செலவாகும். ஒரு நாளைக்கு நான்கு வகுப்பு என்றால் இரண்டு ஜி.பி.யைத் தாண்டிவிடும். அதாவது, காசு கட்டி ரீசார்ஜ் செய்த மாணவருக்கும் மதியத்தோடு டேட்டா தீர்ந்துவிடும். கடைசி வகுப்பில் ‘ஆப்சென்ட்’.

இது ஒரு பிள்ளை, ஒரு போன் உள்ள வீட்டுக்கான கணக்கு. அக்கா பி.காம், தம்பி பிளஸ் டூ என்று இரண்டு பேர் படிக்கும் வீட்டில் இருவருக்கும் காலை 10 மணிக்கு வகுப்பு. போன் யாருக்கு? பொதுத்தேர்வு இருக்கிற தம்பிக்குத்தான். அப்பா வெளியே போகும்போது போனைக் கொண்டுபோனால் அன்றைக்கு இருவருக்குமே இல்லை.

நாடு முழுக்க நிலைமை என்ன என்பது கொரோனாவுக்கு முன்பே தெரிந்த விஷயம். 2017-18-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்றில், இணைய வசதி கொண்ட குடும்பங்கள் கிராமத்தில் 14.9 சதவிகிதம், நகரத்தில் 42 சதவிகிதம். கணினி உள்ள வீடுகள் கிராமத்தில் 4.4, நகரத்தில் 23.4 சதவிகிதம். உலக அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் 63 சதவிகிதம் பேருக்கு வீட்டில் இணைய இணைப்பு இல்லை என்று யுனிசெஃப் அமைப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020 டிசம்பரில் அறிவித்தன.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்யோசனை இருந்தது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளில், முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது. ஆனால் அது எப்போதைக்கும் விடும் என்று சொல்ல முடியாது. பேட்டரி போன பழைய மடிக்கணினிகள் வகுப்புக்கு உதவவில்லை. மிகவும் தேவைப்பட்ட காலத்தில் புதிதாக வழங்குவதும் முடங்கிப்போனது.

இந்த நிலையில் பல ஆசிரியர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீடியோ வகுப்பை விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பாடம் சொன்னார்கள். நோட்ஸை பி.டி.எஃப். ஆக அனுப்பினார்கள். பத்து நிமிட வாய்ஸ் மெசேஜுக்கு சில எம்.பி. போதும். இரவில், போன் கைக்கு வரும் நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். ஆடம்பரமில்லாத இந்த ஏற்பாடுதான் பல மாணவர்களுக்கு நிஜமான கல்லூரியாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காவது கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கல்லூரி மாணவர்களுக்குத் தங்கள் பாடத்திட்டத்தைத் தமிழில் சொல்லித்தர அப்படியொரு சேனல் இல்லை.

கோர்வைக்கு ஒரு கை

போன் இல்லாததும் டேட்டா தீர்வதும் எல்லா ஏழை வீடுகளிலும் நடந்தவை. நெசவாளர் வீட்டில் கூடுதலாக ஒன்று நடந்தது. அதைப் புரிந்துகொள்ளக் காஞ்சிப் பட்டு எப்படி நெய்யப்படுகிறது என்பது தெரிய வேண்டும்.

உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருக்கும் சேலையில் இரண்டையும் இழை இழையாகக் கோத்துக்கொண்டே நெய்வதற்குக் ‘கோர்வை’ என்று பெயர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவராகவே மூன்றையும் கையாள்வது கடினம். ஒரு பக்கக் கரைக்கான நாடாவைப் போட இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இது தவிர, தார் சுற்ற வேண்டும். புதுப் பாவு வந்தால் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழையோடு பிணைக்க வேண்டும். பாவைத் தெருவில் நீட்டி விரிக்கும்போது வீட்டிலுள்ள எல்லோர் கையும் தேவைப்படும்.

இந்த ‘இன்னொரு கை’, ஒரு காலத்தில் பெரும்பாலும் குழந்தையின் கைதான். காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் குழந்தைத் தொழிலாளர்கள் கொத்தடிமைகளைப் போல உழைத்ததை, ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கை உலகத்துக்கே சொன்னது. அரசும் தொண்டு நிறுவனங்களும் பல ஆண்டுகள் பாடுபட்டுப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பின. அதன் பலனாகத்தான் அடுத்த தலைமுறை கல்லூரி வரை வந்தது. கல்லூரிக்குப் போகிற பிள்ளையைத் தறிக்குக் கூப்பிட முடியாது. பஸ் ஏறிப் போய்விட்டால் மாலைதான் திரும்பும்.

ஊரடங்கு அந்தத் தடையை நீக்கிவிட்டது. பிள்ளை நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறது. கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தளர்வுகள் வந்து, பாக்கி நின்ற சேலைகளை முடிக்கும் அவசரத்தில் தறி ஓடத் தொடங்கியபோது, கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லை. “கண்ணு, செத்த நேரம் வந்து இந்தப் பக்கம் உக்காரு” என்று அப்பா கூப்பிட்டால் எந்தப் பிள்ளையால் மறுக்க முடியும்? அந்தச் சேலையை அறுத்தால்தானே அடுத்த ரீசார்ஜே.

பெற்றோரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பிள்ளையைப் படிக்கவைக்கத்தான் அவர்கள் நெய்தார்கள். நெய்வதற்குத்தான் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். காதில் ஹெட்போன், கையில் நாடா. வருகைப் பதிவேட்டில் அந்த மாணவர் ‘பிரசென்ட்’. பாடம் எவ்வளவு ஏறியது என்பதை எந்தக் கணக்கெடுப்பும் கேட்கவில்லை.

மகளின் முறை எப்போது?

இதே வீட்டில் பெண் பிள்ளைக்கு இன்னும் ஒரு சுற்று அதிகம். கல்லூரிக்குப் போனவரை, போய்வரும் நேரம் அவளுடையது. வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கியதும் சமையல், தண்ணீர் பிடிப்பது, துணி, தார் சுற்றுவது எல்லாம் வகுப்பு நேரத்துக்குள் வந்து நின்றன.

போனும் அவளிடம் கடைசியாகத்தான் வரும். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்த பெண்கள் 33.3 சதவிகிதம், ஆண்கள் 57.1 சதவிகிதம். ‘வயசுப்பொண்ணுக்குத் தனி போன் எதுக்கு’ என்ற பேச்சு காஞ்சிபுரத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல.

இந்தக் கேள்விக்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு நீதிமன்றம் முன்கூட்டியே பதில் சொல்லியிருந்தது. கோழிக்கோடு மாவட்டத்தில், மாலை நேரங்களில் போன் பயன்படுத்தக் கூடாது என்ற விடுதிக் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்ததால் ஒரு கல்லூரி மாணவி வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், 2019 செப்டம்பர் 19-ம் தேதி கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்கவும் உத்தரவிட்டது. ஊரடங்கு வந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. உரிமை என்று தீர்ப்பு இருந்தது. அந்த உரிமையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்க ஏற்பாடு இல்லை.

கேள்வித்தாள் போனில், விடை ஏ4 தாளில்

2020 ஜூலையில், இறுதியாண்டு தவிர மற்ற மாணவர்களுக்குப் பருவத் தேர்வு ரத்து என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தவர்களின் அரியர் தேர்வுகளும் ரத்து. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியைப் பாராட்டி மாணவர்கள் பேனர் வைத்துக் கொண்டாடியது நினைவிருக்கும். ஆனால் இறுதியாண்டுத் தேர்வை நடத்தாமல் பட்டம் தர முடியாது என்று ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரியர் ரத்தும் பிறகு சென்னை உயர் நீதிமன்றப் படியேறியது.

செப்டம்பரில் இறுதியாண்டு மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே தேர்வு எழுதினார்கள். சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் மாணவர்கள், கேள்வித்தாளை இறக்கிக்கொண்டு, ஏ4 தாளில் விடை எழுதி, அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் கணினி அல்லது போன் கேமராவின் கண்காணிப்பில், விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை.

எழுதுவது சுலபம். அனுப்புவதுதான் பாடு. பத்துப் பதினைந்து பக்கங்களைத் தெளிவாகப் படமெடுத்து, வரிசைப்படுத்தி, ஒரே கோப்பாக்கி, குறித்த நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். இதற்குப் பலரும் நம்பியிருந்த கேம்ஸ்கேனர் செயலி, டிக்டாக்கோடு சேர்த்துத் தடைசெய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் ஒன்றாக, ஜூன் மாத இறுதியிலேயே போய்விட்டிருந்தது. நல்ல கேமரா இல்லாதவர்கள் ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் ஓட வேண்டியிருந்தது. நல்ல போனும் வைஃபையும் உள்ள மாணவருக்கு இது ஐந்து நிமிட வேலை. மற்றவருக்கு, பாடத்தில் பாஸாவதைவிடக் கோப்பை ஏற்றுவதே பெரிய பரீட்சை.

டேட்டா கார்டு வந்தபோது

அரசு கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஜனவரியில், அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர்களுக்கும், உதவித்தொகை பெறும் சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கும் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. பயன்பெறுவோர் 9,69,047 பேர் என்றது அரசு. ஒரு மாநில அரசு கல்லூரி மாணவர்களின் டேட்டா செலவைத் தன் செலவாக ஏற்றது பெரிய விஷயம்தான்.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். கல்லூரிகள் மூடிப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய மாதமே இறுதியாண்டு மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். பிப்ரவரி 8-ம் தேதி எல்லா ஆண்டினருக்கும் கல்லூரி திறந்தது. மார்ச் இறுதியில் இரண்டாவது அலையில் மீண்டும் மூடியபோது, திட்டம் முடிய ஒரு மாதம்தான் மிச்சம். பிறகு 2021 செப்டம்பர் 1 வரை கல்லூரி திறக்கவில்லை. சிம் கார்டு கிடைத்தாலும், அதைப் போட ஒரு போன் வேண்டும் என்ற பழைய கேள்வியும் அப்படியே இருந்தது.

இலங்கையில் இதை வேறுமாதிரி கையாண்டார்கள். யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்கள் உட்பட அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு உண்டு. 2020-லேயே தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு பேசி, பல்கலைக்கழகப் பாடத்தளங்களையும் அந்த வலையமைப்பு வழியே நடந்த ஸூம் வகுப்புகளையும் மாணவர்கள் டேட்டா கட்டணம் இல்லாமல் பயன்படுத்த வழி செய்தார்கள். தனியாக சிம் கார்டு அச்சடித்து விநியோகிக்கத் தேவையில்லை. கையிலிருக்கும் எண்ணிலேயே வகுப்பு மட்டும் இலவசம். சிக்னல் இல்லாத ஊர்களின் சிக்கல் அங்கும் தீரவில்லை. ஆனால் உதவி சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

‘கொரோனா பேட்ச்சா?’

ஆல் பாஸ் அறிவிப்பு அன்றைக்கு நிம்மதி தந்தது. ஆனால் அதில் ஒரு விஷயம் மறைந்துபோனது. யார் படித்தார்கள், யாருக்குப் படிக்கவே வாய்ப்பில்லாமல் போனது என்பது மதிப்பெண் பட்டியலில் தெரியவில்லை. எல்லோரும் பாஸ் என்றால் யாருக்கும் கூடுதல் வகுப்பு வேண்டாம், யாரையும் தனியாகக் கவனிக்க வேண்டாம்.

வித்தியாசம் பிறகு தெரிந்தது. லேபில் கைவைக்காமல் வேதியியல் முடித்தவர், ஒரு முறைகூட எழுந்து நின்று பேசாமல் இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர் என ஒரு தலைமுறை வெளியே வந்தது. இன்டர்வியூவில் ‘கொரோனா பேட்ச்சா?’ என்ற ஒற்றைக் கேள்வி அவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தது. வீட்டில் மடிக்கணினியோடு கூடுதல் கோர்ஸ்களை முடித்தவருக்கு அந்தக் கேள்வியைச் சமாளிக்கச் சான்றிதழ்கள் இருந்தன. தறியில் உட்கார்ந்தபடி வகுப்பைக் கேட்டவருக்குச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. தான் இழந்தது இன்னது என்றுகூட அவரால் நிரூபிக்க முடியாது.

பெஞ்ச் செய்த வேலை

கல்லூரி என்றால் பாடம், தேர்வு, பட்டம் என்றுதான் நினைக்கிறோம். கல்லூரி இன்னொன்றையும் சத்தமில்லாமல் தந்துகொண்டிருந்தது. காலை முதல் மாலை வரை, வீட்டு வேலை தொடமுடியாத ஓர் இடமும் நேரமும். நெசவாளர் மகளும் கடை முதலாளியின் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த பெஞ்சுக்கு ரீசார்ஜ் தேவையில்லை. நூலகத்து மேசையில் யாரும் வந்து நாடாவைக் கையில் கொடுக்கமாட்டார்கள்.

நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, வறுமையால் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு காஞ்சிபுரம் நகராட்சியில் கொஞ்சகாலம் எழுத்தராக வேலை பார்த்தவர். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். அந்தக் கல்லூரி நாள்கள்தான் அவரைப் பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் ஆக்கின. வீட்டைவிட்டு வெளியே படிக்கப் போவது ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

ஆன்லைன் வகுப்பு மாணவர்களுக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்தது உண்மை. கூடவே அந்த இடத்தையும் நேரத்தையும் எடுத்துக்கொண்டது. டேட்டா கொடுத்தால் பாதிப் பிரச்னை தீரும். மீதிப் பாதி, படிக்க இடமும் இடையூறு இல்லாத நேரமும்.

இனிமேலும் ஏன் பேச வேண்டும்?

2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு, பாடங்களில் 40 சதவிகிதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்ற கலப்புமுறைக் கல்விக்கான வரைவை முன்வைத்தது. இன்றைக்கு ‘ஸ்வயம்’ தளத்துப் படிப்புகளுக்குக் கிரெடிட் உண்டு. தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் ஆன்லைன் பயிற்சிகள் நிறைய. மழை விடுமுறை என்றாலும் உடனே ‘லிங்க்’ வருகிறது. ஆன்லைன் படிப்பு இனி கல்லூரியின் அங்கம்.

கைகொடுக்கும் சில மாற்றங்களும் வந்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து ‘புதுமைப் பெண்’, மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ரீசார்ஜுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

வீட்டிலும் கல்லூரியிலும் செய்யக்கூடியவை சில உண்டு.

* வகுப்பு தொடங்கும்போதே, யாரிடம் தனி போன் இருக்கிறது, யார் வீட்டில் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள் என்று கல்லூரி ஒரு கணக்கு எடுத்துவைக்கலாம். எல்லோர் முன்னும் கையைத் தூக்கச் சொல்லாமல், தனியாகக் கேட்க வேண்டும்.

* நேரலை வகுப்பைத் தவறவிட்டவருக்காகச் சின்ன ஆடியோ பதிவும் பி.டி.எஃப். நோட்ஸும் கட்டாயம் கிடைக்க வேண்டும். வருகைப் பதிவை நேரலையோடு மட்டும் முடிச்சுப் போடக் கூடாது.

* ஆன்லைன் தேர்வு, பயிற்சி நாள்களில் கல்லூரிக் கணினி ஆய்வகத்தையும் நூலகத்தையும் மாலை வரை திறந்துவைத்தால், வீட்டில் இடமில்லாதவர்களுக்கு அதுவே வகுப்பறை.

* மாணவர்கள் ஸ்வயம் தளத்தின் பாடங்களையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் உள்ள தமிழ் நூல்களையும் இலவசமாகப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கும் இடத்தில் பாடங்களை இறக்கிவைத்துக்கொண்டால் டேட்டா மிச்சம்.

* பெற்றோர், படிக்கிற பிள்ளைக்கு நாளில் இரண்டு மணி நேரமாவது ‘இது உன் நேரம்’ என்று ஒதுக்கலாம். மகளுக்கும் அதே இரண்டு மணி நேரம்.

காஞ்சிபுரத்தில் இன்று கல்யாணங்கள் பழையபடி நடக்கின்றன. காந்தி ரோட்டில் கூட்டம் திரும்பியிருக்கிறது, தறியும் ஓடுகிறது. கொரோனா ஆண்டுகளில் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி வேலை தேடிப் போய்விட்டார்கள். சிலர் பாதியில் நிறுத்திக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கோ, தறிக்கோ திரும்பினார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது. தங்கைகளும் தம்பிகளும் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள். அடுத்த முறை ‘நாளை முதல் ஆன்லைன் வகுப்பு’ என்று அறிவிப்பதற்கு முன்னால், இவர்கள் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள் என்று கேட்டுவிட்டு அறிவிக்கலாம்.